கொல்லைப்புறத்துத் தர்மம்



முன்பொரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, வழக்கம்போல் காய்கறி விலையில் வந்து நின்றது. மிளகாய் ஏறிவிட்டது, வெண்டிக்காயைத் தொட முடியவில்லை, கேமரன் மலையில் நான்கு நாள் மழை பெய்தால் ஈப்போ பசாரில் கீரையும் தங்கமாகிவிடுகிறது என்று ஆளுக்கொரு புலம்பல். அப்போது ஒருவர், "இங்கே உட்கார்ந்திருக்கும் 12 பேரில் யார் வீட்டில் ஏதாவது பயிர் இருக்கிறது?" என்று கேட்டார். இரண்டு கைகள் உயர்ந்தன. அவற்றிலும் ஒன்று, பெயிண்ட் டின்னில் நிற்கும் கறிவேப்பிலைச் செடிக்காக உயர்ந்த கை. மற்றப் பத்துப் பேரும் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆம், நாமும் அந்தப் பத்தில் சேர்த்திதான்.

அந்த வெட்கத்தில் பிறந்ததே இம்மாத உபதேசம். பிறருக்குச் சொல்லுமுன் நமக்கே சொல்லிக்கொள்கிறோம்.

மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய பெயரை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் நமக்குச் சொல்லவில்லை. ஆயினும் அவருடைய கீரைப் பாத்தியைப் பற்றி அவர்கள் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகி, இன்றுவரை ஓதப்பட்டு வருகிறது. அதன் சாரம் இதுதான். அப்பெண்மணிக்குச் சிறியதொரு விளைநிலம். அதில் பாயும் நீர்க்கால்களின் ஓரத்தில் 'ஸில்க்' என்னும் கீரையை அவர் பயிரிட்டு வந்தார். நாம் பீட்ரூட் என்று வாங்குகிறோமே, அதன் இனத்தைச் சேர்ந்த கீரை. வெள்ளிக்கிழமை வந்தால் அக்கீரையை வேரோடு பிடுங்கிச் சட்டியிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமை மாவைத் தூவி வேகவைப்பார். இறைச்சி கிடையாது; கொழுப்பும் கிடையாது. வேர்தான் இறைச்சிக்குப் பதில். ஜும்ஆ முடிந்ததும் ஸஹாபாக்கள் அவர் வீட்டிற்குச் சென்று ஸலாம் சொல்வார்கள். அவர் அதை எடுத்து வைப்பார். அந்த ஒரு சட்டிக் கீரைக்காகவே வெள்ளிக்கிழமை எப்போது வருமென்று தாங்கள் காத்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள்.

சகோதரர்களே! அப்பெண்மணி பெரிய ஈச்சந்தோப்புகளின் சொந்தக்காரர் என்று செய்தியில் இல்லை. தண்ணீர் ஓடும் வாய்க்காலின் கரை, வேறெதற்கும் பயன்படாத அந்த ஓரம், அதில்தான் கீரை. நம் வீடுகளில் அப்படிப்பட்ட ஓரம் இல்லையா? கார் நிற்கும் இடத்திற்கும் மதிலுக்கும் நடுவே இரண்டடி, சமையலறைக் கதவுக்கும் சாக்கடைக்கும் நடுவே மூன்றடி! அங்கெல்லாம் இன்று பழைய சைக்கிளும் காலி வாயுத் தோம்பும் நிற்கின்றன.

எந்த முஸ்லிம் ஒரு மரத்தை நட்டாலும், ஒரு விதையை விதைத்தாலும், அதிலிருந்து மனிதனோ மிருகமோ பறவையோ உண்பதெல்லாம் அவனுக்கு ஸதக்காவாக எழுதப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது நாம் அனைவரும் பலமுறை கேட்டது. முஸ்லிம் ஷரீஃபில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில் இன்னும் ஒன்று கூடுதலாக உண்டு: அதிலிருந்து திருடப்படுவதும் ஸதக்காவே. இதை நம் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். தாமான் சாலையோரத்தில் அவர் வைத்த முருங்கையில் காய்களை யாரோ விடியுமுன் பறித்துப் போகிறார்கள் என்று மூன்று வாரமாகக் கொதித்துக்கொண்டிருந்தவர். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் குரங்குக்கும் கணக்குண்டா?" என்றார். குனோங் ராப்பாட் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் குடியிருப்போருக்கு இக்கேள்வியின் கனம் தெரியும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். பேராக்கில் மண்ணையும் செடியையும் பற்றிப் பேசுவோர் ரப்பரைத் தாண்டிப் போக முடியாது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதைக் கோல கங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். அந்த மரத்தின் இனம் பெருகித்தான் தோட்டங்களாயிற்று. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்றுதான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்தனர். நம் சமூகத்தார் பெரும்பாலும் பட்டணத்துக் கடைத்தெரு வியாபாரிகளாயினும், தோட்டத்துப் பலசரக்குக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்களும் நம்மில் பலர்.

மதீனாவிலும் ஒருகால் கன்றுகள் நடப்பட்டன. ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அடிமையாக இருந்தார்கள். 300 ஈச்சங்கன்றுகளை நட்டு வளர்த்துக் கொடுக்கவேண்டும், பொன்னும் தரவேண்டும் என்பது எஜமானன் கேட்ட விடுதலை விலை. ஸஹாபாக்கள் ஆளுக்குச் சில கன்றுகளாகக் கொண்டுவந்தார்கள். ஸல்மான் (ரலி) குழி தோண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரங்களாலேயே அவற்றை நட்டார்கள். ஒரு மனிதர் விடுதலையடைய நடப்பட்ட மரங்கள் அவை. நம் பேராக்கிலோ மரத்திற்காக மனிதர்கள் கட்டுண்டு கிடந்த காலம் நெடுங்காலம். அந்த ரப்பர்க் காட்டிற்குள் கூலியாள் தன் விருப்பத்திற்கு நட்டுத் தானே உண்டது ஒன்றே ஒன்றுதான். லயத்தின் பின்னால் இருந்த கொல்லை.

குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிர் செய்ய ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. சட்டத்தில் இருந்ததெல்லாம் நிலத்தில் கிடைத்ததா என்பது வேறு விஷயம். ஆனால் 1930க்குப் பின் ரப்பர் விலை சரிந்து, ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, தங்கிவிட்டவர்களின் உலையைக் காத்ததில் இக்கொல்லைகளுக்குப் பங்குண்டு. 1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தனர். அரிசி மறைந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அக்காலத்தைக் கடந்து வந்த பெரியவர்கள் சிலர், பிற்காலத்தில் விருந்தில் மரவள்ளி அப்பம் வைத்தாலும் தொடமாட்டார்கள். அதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

பிறகு 1950களிலும் 60களிலும் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கலாயின. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் அவர்கள் தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அந்தச் சமயத்தில்தான். பின்னர் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்னும் பல இடங்களில் இரண்டும் போய்த் தாமான்கள் எழுந்தன. லயத்து ஜனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். போனது வீடு, போனது வேலை என்று கணக்குப் பார்த்தார்கள். கொல்லை போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கணவர் கடை வைத்திருந்த ஒரு நன்னியை நாம் அறிவோம். வயது 80ஐக் கடந்துவிட்டது. ஈப்போவில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில், நான்காம் மாடியில் இருக்கிறார். பெருநாளன்று ஸலாம் சொல்லப் போயிருந்தபோது, "நன்னி, தோட்டத்தை நினைத்தால் என்ன ஞாபகம் வருகிறது?" என்று கேட்டோம்.

"பால் மரத்தை நெனச்சா ஒண்ணும் தோணாது வாப்பா. கொல்லையில நின்ன முருங்கைதான். லாரி வந்து நின்ன அவசரத்துல அதுகிட்ட சொல்லிக்கக்கூட இல்ல."

பிறகு நம் கையைப் பிடித்து வாசற்பக்கத்து நடைவழிக்கு அழைத்துப் போனார். ஐந்து தொட்டிகள். கறிவேப்பிலை, வல்லாரை, பசளை, மலாய்க்காரர் செராய் என்னும் எலுமிச்சைப்புல், உடைந்த வாளியில் ஒரு காந்தாரி மிளகாய். கழுவிய அரிசித் தண்ணீரைச் சிந்தாமல் அதற்கெல்லாம் ஊற்றுகிறார். அம்மாடியில் இருக்கும் சீனப் பெண்மணிக்குச் செராய், எதிர்வீட்டு இந்துக் குடும்பத்திற்குக் கறிவேப்பிலை, கீழ்மாடி மலாய் வீட்டிற்கு வல்லாரை போகிறது. மண்ணே இல்லாத நான்காம் மாடியில் அந்த மதீனத்துப் பெண்மணியின் அமல் நடந்துகொண்டிருக்கிறது. 15 அடிக்கு 10 அடி மண்ணோடு வீடு வாங்கிய நாமோ, குடிபுகுந்த மாதமே கொல்லை முழுவதும் சிமெண்டு பூசினோம். புல் முளைக்கும், பாம்பு வரும், பிள்ளைகள் காலில் சேறு ஒட்டும் என்று அதற்கு மூன்று காரணம் வேறு வைத்திருந்தோம்.

அன்றிரவே ஆள் கூட்டிவரச் சொல்லி, மறுவாரம் 12 அடிக்கு 4 அடி சிமெண்டை உடைத்தோம். உடைக்கும் கூலியைப் பார்த்து வீட்டில், "இந்தப் பணத்துக்கு ஓராண்டு கீரை வாங்கலாமே" என்றார்கள். அந்தக் கணக்கு சரியானது. அதற்கு மறுமொழி சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அதன்பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கத்தரி, வெண்டி, தக்காளி, புடலை, பாகல், மிளகாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டோம். அது அக்டோபர் மாதம். ஈப்போவில் அக்டோபர், நவம்பர் மாலைகளில் வானம் எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றே வாரத்தில் தக்காளி அழுகிற்று, கத்தரி மஞ்சளாயிற்று, மற்றவை வளரவுமில்லை சாகவுமில்லை. நன்னிக்குத் தொலைபேசியில் சொன்னோம். ஒரு பிடி மண்ணை நெகிழிப் பையில் கட்டிக் கொண்டுவரச் சொன்னார். விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது மண்ணா? மணலும் செங்கல்லும். மொதல்ல மண்ணுக்குச் சோறு போடு, வாப்பா. அப்பறம் அது உனக்குப் போடும்" என்றார்.

கிந்தாப் பள்ளத்தாக்கில் வீடு கட்டியிருப்போர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். நம் தாமான்கள் பலவற்றின் கீழே இருப்பது ஈயச் சுரங்கத்தார் கழுவிக் கொட்டிய மணல். நீரும் நிற்காது, சத்தும் இராது. பழைய ரப்பர்த் தோட்டத்துச் செம்மண்ணோ புளிப்பேறியது. சுற்றிலும் சுண்ணாம்பு மலை நிற்க, நாம் கடையில் சுண்ணாம்புத்தூள் வாங்கி இரண்டு கைப்பிடி தூவவேண்டியிருக்கிறது! காய்ந்த இலை, சமையலறையின் தோலும் தண்டும், நன்றாக மக்கிய கோழி எரு இவற்றை மண்ணோடு புரட்டி மூடி வைத்து இரண்டு மாதம் பொறுத்தோம். பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினோம், மழைநீர் வடிவதற்காக. இம்முறை நன்னியின் உத்தரவுப்படி மூன்றே பயிர்: கங்குங், பசளை, சயூர் மானிஸ். கங்குங் விதைத்து ஒரு மாதத்திற்குள் அறுப்புக்கு வந்துவிட்டது. சயூர் மானிஸுக்கு விதையும் வேண்டாம். முற்றிய குச்சியை ஒடித்து ஊன்றினால் துளிர்க்கிறது. வேலியோரத்துக்குப் பயற்றங்கொடி, தாழ்வாரத்தின் கீழே தொட்டியில் மிளகாய் என்று மெல்ல மெல்லச் சேர்த்தோம்.

இவ்விடத்தில் சில எச்சரிக்கைகள். சயூர் மானிஸை வேகவைத்தே உண்ணவேண்டும். 1990களில் தைவானில் உடல் மெலிய வேண்டி அதைப் பச்சையாக அரைத்துச் சாறாகக் குடித்து வந்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டது. மரவள்ளியிலும் கசப்பு வகையில் விஷம் உண்டு. தோலுரித்து நன்கு வேகவைக்காமல் தொடலாகாது. தொட்டிகளின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டிங்கிக் கொசு முட்டையிடும். ஸதக்கா செய்யப் போய் அண்டை வீட்டுப் பிள்ளையைக் காய்ச்சலில் தள்ளிவிடக்கூடாது. முருங்கை நடுவோர் அடுத்த வீட்டுச் சாக்கடையில் இலை கொட்டாத இடம் பார்த்து நடுங்கள்.

எருவைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார்: சாணமும் கோழி எச்சமும் நஜீஸ் ஆயிற்றே, அதிலே விளைந்த காயை உண்ணலாமா என்று. நிலத்திற்கு எரு இடுவதை ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் இமாம்கள் தடுக்கவில்லை. விளைந்த காயும் கீரையும் சுத்தமானவையே. எரு நேரே பட்டிருந்தால் கழுவிக்கொள்ள வேண்டும். கை கால் உடையில் பட்டதையும் கழுவிவிட்டே தொழுகைக்கு நிற்கவேண்டும். வீட்டு முற்றத்துக் கீரைக்கு ஜகாத் உண்டா என்றும் கேட்டிருந்தார். இல்லை. ஆனால் அறுவடை நாளில் அதற்குரிய பங்கைக் கொடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்தில் திருமறையின் அன்ஆம் அத்தியாயம் பேசுவதை ஓதுகிறவர்கள், கீரை அறுக்கும்போது ஒரு கட்டு தனியே எடுத்து வைப்பார்கள். ஏழைகள் வந்து கேட்டுவிடுவார்களோ என்று விடியுமுன் இரகசியமாகப் பறித்துவிடச் சத்தியம் செய்துகொண்டு போன தோட்டக்காரர்கள், போய்ப் பார்த்தபோது தோட்டமே கருகிக் கிடந்த வரலாறு கலம் அத்தியாயத்தில் இருக்கிறது. குழம்பு காய்ச்சும்போது சற்றுத் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்களே, அதில் அண்டை வீட்டார் இன்ன மதத்தவராயிருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை.

தையற்காரர் ஒருவர் வீட்டு விருந்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைப் பார்த்த அனஸ் (ரலி) அவர்களுக்கு அன்றுமுதல் சுரைக்காய் பிரியமாகிவிட்டது. மீன் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு நோயுற்றுக் கிடந்த யூனுஸ் நபிக்கு நிழலாக அல்லாஹுத் தஆலா முளைக்கச் செய்ததும் சுரை இனத்துக் கொடியே. நம் வீட்டுப் பிள்ளைகளோ சுரைக்காயைத் தட்டின் ஓரத்திற்குத் தள்ளுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு என்றும், போதிய காய்கனி உண்ணாதோர் நூற்றுக்கு 95 பேர் என்றும் கண்டார்கள். கொல்லைப் பாகற்காயை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தன் கையால் நீர் ஊற்றிய வெண்டியைப் பிள்ளை ஒதுக்குவதில்லை. இதை நம் வீட்டிலேயே பார்த்தோம்.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டத் தடை வந்ததே, அந்நாட்களை மறந்துவிட்டோமா? கேமரன் மலையில் விற்க வழியின்றிக் காய்கறியைக் கொட்டினார்கள் என்று பத்திரிகையில் படித்தோம். இங்கே பசாரில் வரிசை. பள்ளிவாசல் கதவும் மூடியிருந்த அந்த ரமலானில், நன்னியின் நடைவழித் தொட்டிப் பசளைதான் அம்மாடியில் மூன்று வீட்டு நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் போயிற்று.

செல்வமுள்ள சகோதரர்கள் சிலர் தஞ்சோங் ரம்புத்தான், செமோர் பக்கங்களில் டூரியான் டூசுன் வாங்கிக் கிராமவாசம் செய்ய விரும்புகிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் இரண்டு தோட்டக்காரனைப்போல், இது ஒருநாளும் அழியாது என்று நண்பனிடம் பெருமை பேசாதிருந்தால் போதும். நமக்குக் கிடைத்த கிராமவாசம் 12 அடிக்கு 4 அடி. பஜ்ருத் தொழுதுவிட்டு அங்கே போய் நின்றால், மலைப்பக்கம் இன்னும் மூடுபனி, இலையில் நீர், எங்கோ சேவல் கூவுகிறது. நேற்று இல்லாத ஒரு சுருள் இன்று வேலியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. விதைத்தது நீங்களா, முளைப்பித்தது நாமா என்ற கருத்தில் வாகிஆ அத்தியாயத்தில் கேட்கப்படும் கேள்வியைப் பல ஆண்டுகளாக ஓதி வருகிறோம். அந்தச் சுருளைப் பார்த்தபோதுதான் அது நம்மைக் கேட்கிற கேள்வி என்று உறைத்தது.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நன்னியின் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், இன்ஷா அல்லாஹ், சயூர் மானிஸ் குச்சிகளும் வல்லாரை வேர்களும் செராய் முளைகளும் இலவசமாகக் கொடுக்கப்படும். இடம் தெரியாதோர் சங்கக் காரியதரிசியிடம் கேட்டுக்கொள்ளலாம். வருகிறவர்கள் ஈரத்துணியும் ஒரு பையும் கொண்டுவரவும். நன்னி ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: ஒரு குச்சி வாங்கிப் போகிறவர் மூன்று மாதம் கழித்து இரண்டு குச்சி கொண்டுவந்து தரவேண்டும். பெயர் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வாங்கி வைத்துவிட்டார்.